கணினி எழ மறுத்தால்: கிரப் பூட்லோடரைக் கட்டளை வரியில் நிறுவும் முழு வழிகாட்டி

மின்விசிறி சுழல்கிறது. தயாரிப்பாளரின் சின்னம் வந்து மறைகிறது. அதன்பிறகு கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நிலையில் என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் போய்விட்டதா?" என்பதுதான். அநேகமாக எதுவும் போயிருக்காது. கோப்புகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். அவற்றை எழுப்பிவிட வேண்டிய ஆளைத்தான் காணவில்லை. அந்த ஆளின் பெயர் பூட்லோடர்.

லினக்ஸ் கணினிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கிரப். 1995-இல் எரிக் போலின் என்பவர், யூட்டா பல்கலைக்கழகத்தின் மாக் 4 நுண்கெர்னலின் மீது குனு ஹர்டு என்னும் இயங்குதளத்தை எழுப்ப முயன்றபோது பிறந்தது அது. இன்று நம் கையில் இருப்பது கிரப் 2, அதன் 2.00 பதிப்பு 2012-இல் வெளியானது.

இதைப் பற்றிய குறிப்புகள் பலவும் கிரப்பை நிறுவும் கட்டளையை முதல் வரியிலேயே நீட்டிவிடுகின்றன. நான் அதை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறிய ஓர் இரவில், பென் டிரைவைத் தவறான முறையில் துவக்கிவிட்டு மூன்று முறை கிரப்பை நிறுவினேன். மூன்று முறையும் "பிழை ஏதுமில்லை" என்றே பதில் வந்தது. மூன்று முறையும் கணினி எழவில்லை. கிரப் ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கணினியின் ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலேயே இருக்கும் துவக்க நிரல்) எட்டியே பார்க்காத இடத்தில் எழுதப்பட்டிருந்தது. கை வைப்பதற்கு முன் கண் வைக்க வேண்டும் என்பதை விடியற்காலை நான்கு மணிக்குக் கற்றுக்கொண்டேன்.

கட்டளைகளைப் படிக்கும் முறை

உங்கள் கணினி எழாத நேரத்தில் இதைக் கைபேசியில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். எனவே தொலைபேசியில் சொல்வதுபோலவே கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். இடைவெளி, சாய்கோடு, சிறுகோடு ஆகியவை உள்ளபடியே வர வேண்டும். இரட்டைச் சிறுகோடு இருந்தால் இரண்டு கோடுகள்தான்.

உதாரணத்துக்கு யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) உள்ள ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. டெபியனுக்கும் படிகள் ஏறக்குறைய இவையேதான். ஃபெடோரா வைத்திருப்பவர்கள் நிறுவும் படியில் மட்டும் விலகிக்கொள்ள வேண்டும்: யூஇஎஃப்ஐ கணினிகளில் அங்கே கிரப்2-இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது, கிரப், ஷிம் தொகுப்புகளை மறுபடி நிறுவுவதே முறை.

சங்கிலி எங்கே அறுந்தது?

மின்பொத்தானை அழுத்தியதும் நடப்பது ஒரு கைமாற்றுச் சங்கிலி. ஃபர்ம்வேர் முதலில் விழித்து, தாய்ப்பலகையின் நிலைநினைவகத்தில் இருக்கும் துவக்கப் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலில் முதலில் உள்ள பதிவு, டிஸ்க்கில் உள்ள இஎஸ்பி என்னும் சிறிய பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் ஒரு பகுதியில்) ஒரு கோப்பைக் காட்டுகிறது. உபுண்டுவில் அந்தக் கோப்பு ஷிம். கையொப்பமில்லாத நிரல்களைத் துவக்கத்தில் தடுக்கும் செக்யூர் பூட் ஏற்றுக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட்டின் சாவியால் கையொப்பமிடப்பட்டது. ஷிம் கிரப்பை அழைக்கிறது. கிரப், அதே இஎஸ்பியில் தன் பக்கத்தில் இருக்கும் மூன்று வரி அமைப்புக் கோப்பைப் படித்து, உண்மையான அமைப்புக் கோப்பு எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அங்கே போய்ப் பட்டியலைக் காட்டி, நீங்கள் தேர்ந்தெடுத்த கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதைத் திரையே சொல்லிவிடும். கணினி எதுவும் கேட்காமல் நேரே விண்டோஸுக்குள் போனால், பட்டியலின் வரிசை மாறியிருக்கிறது. கிரப் நலமாகவே இருக்கலாம். துவக்கச் சாதனமே இல்லை என்று சொன்னால், பதிவோ இஎஸ்பியில் உள்ள கோப்போ காணாமல் போயிருக்கிறது. 'கிரப்>' என்று மட்டும் எழுதிவிட்டு நின்றால், கிரப் வந்துவிட்டது, அமைப்புக் கோப்பைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. லினக்ஸ் பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்தாலோ வேறு டிஸ்க்குக்கு மாற்றினாலோ, அதை அடையாளம் காட்டும் யூயூஐடி எண் மாறி இப்படி நேரும். கிரப்பின் பட்டியல் ஒழுங்காக வந்து, லினக்ஸைத் தேர்ந்த பிறகு எழுத்துகள் ஓடி நின்றுவிட்டால், கிரப்பின் மேல் பழி போடாதீர்கள். அது தன் வேலையை முடித்துவிட்டது. அங்கே பார்க்க வேண்டியது கெர்னல், அதோடு ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுதியான இனிட்ஆர்டி, அல்லது கோப்பு முறைமை.

முன்னேற்பாடு

உங்களிடம் இருக்கும் அதே பதிப்போ அதற்கு நெருக்கமானதோ ஆன உபுண்டு நிறுவல் பென் டிரைவ் ஒன்று வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் டிஸ்க் மறையாக்கம் இயங்கினால், 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துவக்க வரிசையிலோ செக்யூர் பூட்டிலோ கை வைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். தாளில்தான். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியவர்களை நான் அறிவேன்.

பென் டிரைவைச் செருகி, ஃபர்ம்வேரின் துவக்கப் பட்டியலைத் திறந்தால் அதே பென் டிரைவ் சில கணினிகளில் இரண்டு முறை தெரியும்: ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. என் இரவைத் தின்றது இந்த இடம்தான். யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். "நிறுவாமல் முயன்று பார்" என்பதை அழுத்தி, டெர்மினலைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்:

எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ

கோப்புகளின் பெயர்கள் வந்தால் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கிறீர்கள். அப்படியொரு அடைவே (ஃபோல்டரே) இல்லை என்று வந்தால், கணினியை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இங்கே ஐந்து நிமிடம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

டிஸ்க்கைப் பார்த்தல்

எல்எஸ்பிஎல்கே -எஃப்

'லிஸ்ட்', 'பிளாக்' என்ற இரண்டின் சுருக்கம் இது. ஒவ்வொரு பார்ட்டிஷனின் பெயர், வகை, யூயூஐடி ஆகியவை ஒரு மரம்போல விரியும். மூன்றைத் தேடுங்கள். விஃபேட் வகையில் சில நூறு எம்பி அளவில் இருப்பது இஎஸ்பி. விண்டோஸ் உருவாக்கியதானால் பெரும்பாலும் 100 எம்பி, கிரப்புக்கு அது தாராளம். எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் வகையில் இருப்பது லினக்ஸின் வேர், அதாவது லினக்ஸ் குடியிருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன். என்டிஎஃப்எஸ் என்று இருப்பவை விண்டோஸுடையவை, அவற்றைத் தொட வேண்டாம். அளவும் தெரிய வேண்டுமென்றால் -எஃப் இல்லாமல் அதே கட்டளையை இன்னொரு முறை தட்டுங்கள்.

என் உதாரணத்தில் இஎஸ்பி என்பது என்விஎம்இ0என்1பி1, வேர் என்பது என்விஎம்இ0என்1பி2. உங்களுடையது எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றும் இருக்கலாம். கீழே வரும் எல்லாக் கட்டளைகளிலும் உங்கள் பெயர்களைத்தான் இட வேண்டும். இந்தப் பெயர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் 1-க்கும் 2-க்கும் வேறுபாடு தெரியாது.

நிறுவாமலே சரியாகிவிடுமா?

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி

முன்னால் வரும் சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. கடைசி மூன்று எழுத்துகள் 'மேனேஜர்' என்பதன் சுருக்கம் என்று தெரிந்தும், தமிழ்நாட்டில் இந்தக் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒருவர்கூடச் சிரிக்காமல் இருந்ததில்லை. மறக்கவே மறக்காது என்பது அதில் ஒரு வசதி.

ஃபர்ம்வேரின் பட்டியல் இப்போது திரையில் இருக்கும். 'பூட்ஆர்டர்' என்ற வரியில் 0000,0003 என்பதுபோல எண்கள் வரும். கீழே ஒவ்வோர் எண்ணும் யாருடையது என்று இருக்கும். விண்டோஸ் 0000 ஆகவும் உபுண்டு 0003 ஆகவும் இருந்து, வரிசையில் விண்டோஸ் முதலில் நின்றால், உங்கள் சிக்கல் இவ்வளவுதான். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது தன்னை முதலில் நிறுத்திக்கொள்ளும். வரிசையை மாற்றுங்கள்:

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0003,0000

கணினியை மீண்டும் துவக்குங்கள். கிரப்பின் பட்டியல் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதியை உங்களுக்கு வேலை இல்லாத ஒரு நாளில் படித்துக்கொள்ளலாம்.

பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லையென்றால், இஎஸ்பியை மவுண்ட் செய்து (ஓர் அடைவோடு இணைத்து) உள்ளே பாருங்கள். இஎஃப்ஐ அடைவுக்குள் உபுண்டு அடைவும், அதற்குள் ஷிம்எக்ஸ்64 கோப்பும் இருந்தால், அறுந்தது பதிவு மட்டுமே. ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகோ அதன் அமைப்புகளை அழித்த பிறகோ இப்படி நேர்வதுண்டு. ஒரு வரியில் பதிவை உருவாக்கிவிடலாம்:

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -சி -டி /டெவ்/என்விஎம்இ0என்1 -பி 1 -எல் உபுண்டு -எல் '\இஎஃப்ஐ\உபுண்டு\ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ'

இங்கே கவனம் தேவை. -டி என்பது டிஸ்க், -பி என்பது பார்ட்டிஷன் எண். முதலில் வரும் -எல் பெரிய எழுத்து, அது பெயர்ப்பலகை. இரண்டாவது -எல் சிறிய எழுத்து, அது கோப்பின் இருப்பிடம். அந்த இருப்பிடத்தில் மட்டும் சாய்கோடு இடப்பக்கம் சாய வேண்டும், ஒற்றை மேற்கோள் குறிகளையும் விட்டுவிடக் கூடாது.

உள்ளே நுழைதல்

கோப்பும் இல்லை, பதிவும் இல்லை என்றால் நிறுவத்தான் வேண்டும். பென் டிரைவில் இயங்கும் லினக்ஸிலிருந்தபடியே, டிஸ்க்கில் தூங்கும் லினக்ஸுக்குள் நுழைந்து, அதன் கையாலேயே கிரப்பை நிறுவச் செய்வதுதான் முறை. முதலில் வேர், பிறகு இஎஸ்பி:

சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி2 /எம்என்டி
சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ

வரிசை முக்கியம், வேரை மவுண்ட் செய்யும் வரை இஎஸ்பிக்கான அடைவே அங்கே இருக்காது. பூட் அடைவுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்கள் அதை இவ்விரண்டுக்கும் நடுவே மவுண்ட் செய்ய வேண்டும். உபுண்டுவில் பிடிஆர்எஃப்எஸ் என்றால் முதல் கட்டளையில் மவுண்ட் என்ற சொல்லை அடுத்து -ஓ சப்வால்=@ என்று சேருங்கள். முழு டிஸ்க்கும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் முதலில் கிரிப்ட்செட்டப் ஓப்பன் கட்டளையால் பூட்டைத் திறக்க வேண்டும். உள்ளே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் விஜிசேஞ்ச் -ஏஒய் தட்டிய பிறகே பார்ட்டிஷன்கள் கண்ணுக்குத் தெரியும்.

இனி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் சன்னல்களை உள்ளே திறந்துவிட வேண்டும்:

சூடோ மவுண்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்

இதையே /டெவ்/பிடிஎஸ், /ப்ராக், /சிஸ், /ரன் ஆகிய நான்குக்கும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். சிஸ் என்பதில் நடுவெழுத்து 'ஒய்'. ரன் தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் உள்ளே இணைய முகவரிகள் வேலை செய்யாமல் போகலாம், தொகுப்புகளை இறக்க முடியாது. பிறகு நுழையுங்கள்:

சூடோ சிஎச்ரூட் /எம்என்டி

'சேஞ்ச் ரூட்' என்பதன் சுருக்கம். இப்போது டெர்மினல் பார்ப்பதற்கு அப்படியே இருந்தாலும், நீங்கள் நிற்பது உங்கள் பழைய வீட்டுக்குள். இங்கே சூடோ தேவையில்லை. உள்ளே வந்ததும் ஒன்று பாக்கி:

மவுண்ட் -டி இஎஃப்ஐவார்எஃப்எஸ் இஎஃப்ஐவார்எஃப்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ்

இந்த -டி 'டைப்' என்பதன் முதலெழுத்து. ஃபர்ம்வேரின் நிலைநினைவகத்தில் எழுதும் வாசல் இதுதான். சிஸ் அடைவை மேலே சொன்னபடி பைண்ட் செய்யும்போது இந்த வாசல் தானாகக் கூட வருவதில்லை. இதைச் செய்யாமல் நிறுவினால், இஎஃப்ஐ மாறிகளுக்கு இந்தக் கணினியில் ஆதரவில்லை என்ற எச்சரிக்கை வரும். கோப்புகள் எழுதப்படும், பதிவு மட்டும் உருவாகாது.

நிறுவுதல்

இவ்வளவு தூரம் வந்த பிறகு, நிறுவுவது சிறிய வேலை. முதலில் தொகுப்புகளைப் புதுப்பிக்கலாம்:

ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-சைன்ட் ஷிம்-சைன்ட்

பிறகு:

கிரப்-இன்ஸ்டால் --டார்கெட்=எக்ஸ்86_64-இஎஃப்ஐ --இஎஃப்ஐ-டைரக்டரி=/பூட்/இஎஃப்ஐ --பூட்லோடர்-ஐடி=உபுண்டு

டெபியனில் கடைசிச் சொல் டெபியன். இந்தப் பெயரைக் கற்பனைக்கு ஏற்ப மாற்றாதீர்கள். கையொப்பமிட்ட கிரப் தன் மூன்று வரிக் கோப்பை அந்தந்த விநியோகத்தின் பெயருள்ள அடைவில்தான் தேடும். பிழையில்லை என்ற செய்தி வந்த பிறகும் நம்பிவிடாமல், எம்ஜிஆர் கட்டளையை இன்னொரு முறை ஓட்டி, பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில மடிக்கணினிகளின் ஃபர்ம்வேர், பட்டியலை மதிக்காமல் இஎஸ்பியில் பூட் என்ற அடைவில் உள்ள பூட்எக்ஸ்64 கோப்பை மட்டுமே தேடும். அப்படிப்பட்ட பிடிவாதக்காரர்களுக்கு, அதே கட்டளையின் முடிவில் --ரிமூவபிள் என்று சேர்த்து ஓட்டுங்கள். அந்த இடத்தில் விண்டோஸின் நகல் ஒன்று இருந்தால் அது அழியும். விண்டோஸின் மூலக்கோப்பு மைக்ரோசாஃப்ட் அடைவில் தனியாக இருப்பதால் பாதகமில்லை.

யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் கணினி என்றால் கதை சுருக்கம். இஎஸ்பியும் வேண்டாம், இஎஃப்ஐவார்ஸும் வேண்டாம். கிரப்-பிசி தொகுப்பு இருக்க வேண்டும், கட்டளை:

கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ

எஸ்டிஏ1 அல்ல, எஸ்டிஏ. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் நிரலுக்கு 446 பைட் மட்டுமே இடம். 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, 2 பைட் முத்திரை. எனவே கிரப் தலையை மட்டும் அங்கே வைத்து, உடலை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் வைக்கிறது. டிஸ்க்கில் ஜிபிடி என்னும் புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருந்தால் அந்த உடலுக்கென 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கித் தர வேண்டும்.

அமைத்தல்

கிரப்பின் அமைப்புக் கோப்பான கிரப்.சிஎஃப்ஜி-இன் தலையிலேயே "இதைத் திருத்தாதே" என்று பெரிய எழுத்துகளில் இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் காற்றில் போய்விடும். திருத்த வேண்டியது வேறொன்று:

நானோ /இடிசி/டிஃபால்ட்/கிரப்

இதில் உள்ள பெயர்கள் யாவும் பெரிய எழுத்தில் இருக்கும். உபுண்டுவில் கிரப்_டைம்அவுட்_ஸ்டைல் என்பதற்கு 'ஹிட்டன்' என்றும், கிரப்_டைம்அவுட் என்பதற்கு 0 என்றும் இருப்பதால்தான் பலருக்குப் பட்டியலே தெரிவதில்லை. முதலாவதை 'மெனு' என்றும் இரண்டாவதை 5 என்றும் மாற்றுங்கள். இந்த ஐந்து விநாடியைச் சேமித்து யாரும் பெரிதாக எதையும் சாதித்ததாக நான் பார்க்கவில்லை. சிக்கல் வரும் நாளில் அது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கிரப்_டிஃபால்ட் என்பது தானாகத் தேர்வாகும் வரி. எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. உள்பட்டியலில் உள்ளதைச் சுட்ட "1>2" என்று மேற்கோளுக்குள் எழுதலாம்: இரண்டாவது வரியின் உள்ளே மூன்றாவது. கடைசியாகத் தேர்ந்ததே அடுத்த முறையும் வர வேண்டுமென்றால் இதற்கு 'சேவ்ட்' என்று கொடுத்து, கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ என்று இன்னொரு வரி சேருங்கள். வீட்டில் ஒருவர் விண்டோஸும் இன்னொருவர் லினக்ஸும் பயன்படுத்தினால் இதைச் செய்யாதீர்கள்.

பட்டியலில் விண்டோஸ் காணவில்லை என்ற முறையீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 2021-இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. இந்த வரியைச் சேருங்கள்:

கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்

"முடக்கு என்பது பொய்" என்று எதிர்மறையாக எழுத வைத்தவர் யாரோ தெரியாது, ஆனால் 'ட்ரூ' என்று எழுதிவிட்டு விழிப்பவர்கள் அதிகம். சேமித்துவிட்டு:

அப்டேட்-கிரப்

எழுதியது கோப்புக்குப் போய்ச் சேர்வது இந்தக் கட்டளையால்தான். கண்டுபிடித்த கெர்னல்களும் விண்டோஸும் வரிவரியாகத் திரையில் வரும்.

வெளியேற எக்ஸிட் தட்டி, பிறகு சூடோ யுமவுண்ட் -ஆர் /எம்என்டி. இந்த -ஆர் பெரிய எழுத்து. யுமவுண்ட் என்பதில் 'யு'வுக்கும் 'எம்'முக்கும் நடுவே 'என்' கிடையாது. பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் துவக்குங்கள்.

பென் டிரைவே இல்லாதபோது

'கிரப்>' அல்லது 'கிரப் ரெஸ்க்யூ>' என்று திரை நின்றிருந்தால், அங்கிருந்தே ஒரு முறை உள்ளே போய்விட முடியும். ரெஸ்க்யூ என்பது கை கால் கட்டப்பட்ட கிரப். அதற்குத் தெரிந்த கட்டளைகள் சொற்பம், டேப் விசையும் உதவாது. எல்எஸ் என்று தட்டினால் (எச்டி0,ஜிபிடி1) (எச்டி0,ஜிபிடி2) என்பதுபோல வரும். டிஸ்க்குகள் 0-இலிருந்தும், பார்ட்டிஷன்கள் 1-இலிருந்தும் எண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றாக எட்டிப் பாருங்கள்:

எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்

கோப்புகள் தெரியும் இடம்தான் உங்கள் வேர். கிடைத்ததும்:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமன்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. வழக்கமான பட்டியல் வந்து நிற்கும். முழுமையான 'கிரப்>' என்றால் முதல் இரண்டு வரிகளோடு கான்ஃபிக்ஃபைல் (எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி என்ற ஒரு வரி போதும். அந்தக் கோப்பும் கெட்டிருந்தால், லினக்ஸ் என்ற கட்டளையோடு கெர்னல் கோப்பையும் ரூட்=/டெவ்/என்விஎம்இ0என்1பி2 என்பதையும், அடுத்த வரியில் இனிட்ஆர்டி கட்டளையோடு அதே எண்ணுள்ள இனிட்ஆர்டி கோப்பையும் கொடுத்து, பூட் என்று முடியுங்கள். நீளமான கோப்புப் பெயர்களை இங்கே டேப் விசை நிரப்பித் தரும்.

இப்படி உள்ளே போனது அந்த ஒரு முறைக்கு மட்டும். டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. உள்நுழைந்ததும் டெர்மினலைத் திறந்து, மேலே சொன்ன கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் சூடோ சேர்த்து ஓட்டிவிடுங்கள். மறந்துவிட்டு மூடினால், நாளைக் காலை அதே கறுப்புத் திரைதான்.